கட்டளைவரி மின்னஞ்சல் நிரலுக்கு அமைப்புகளை வகுப்பது எப்படி?

டெர்மினலில் ஓடும் மின்னஞ்சல் நிரல் ஒன்றை எழுதத் தொடங்குகிறீர்கள். ஐமேப் என்ற நெறிமுறை வழியாகக் கடிதங்கள் வருகின்றன, எஸ்எம்டிபி என்ற நெறிமுறை வழியாகப் போகின்றன. அடுத்து அமைப்புக் கோப்பு. எந்தச் சர்வர், எந்தப் போர்ட், எந்த எடிட்டர், நீக்கிய கடிதம் எங்கே போகவேண்டும் என்று கேள்விகள் வரிசைகட்டும். எல்லாவற்றுக்கும் ஓர் அமைப்பை வைத்துவிட்டு, பயனர் வேண்டியபடி மாற்றிக்கொள்ளட்டும் என்று விடுவது சுலபம். ஆனால் நீங்கள் வைக்கும் ஒவ்வோர் அமைப்பும் நீங்கள் எடுக்காமல் விட்ட ஒரு முடிவு. அதை இனி இன்னொருவர், உங்களைவிடக் குறைந்த விவரத்தோடு எடுக்கவேண்டும். மின்னஞ்சலில் அந்த முடிவு பிசகினால் திருத்த முடியாது. போன கடிதம் போனதுதான். மறைப்பில்லாத இணைப்பில் கசிந்த கடவுச்சொல் கசிந்ததுதான். ஆகவே கோப்பின் வடிவத்தைப் பற்றி யோசிப்பதற்கு முன், எவையெல்லாம் அமைப்பாக இருக்கவே கூடாது என்பதிலிருந்து தொடங்குங்கள்.

முதலில் பட்டியல், பிறகு கழித்தல்

அமைப்பாக வைக்கலாம் என்று தோன்றும் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதுங்கள். முதல் முறையே முப்பது நாற்பது தேறும். ஒவ்வொன்றின் பக்கத்திலும் மூன்றில் ஒரு குறி போடுங்கள்: பயனரைக் கேட்டே ஆகவேண்டியது, நிரலே கண்டுபிடிக்கக்கூடியது, நாமே முடிவு செய்துவிடவேண்டியது.

கேட்டே ஆகவேண்டியவை மிகக் குறைவு. மின்னஞ்சல் முகவரி, அனுப்புநராகத் தெரியவேண்டிய பெயர், கடவுச்சொல்லைப் பெறும் வழி, இவ்வளவுதான்.

சர்வரின் பெயரைப் பெரும்பாலும் கண்டுபிடிக்கலாம். 2011இல் வந்த ஆர்எஃப்சி 6186 (ஆர்எஃப்சி என்பது இணையத்தின் தரநிலை ஆவணம்), முகவரியின் டொமைனை வைத்து, இணையப் பெயர்களின் பதிவேடான டிஎன்எஸ்ஸில் எஸ்ஆர்வி பதிவுகளை (ஒரு சேவையைத் தரும் சர்வர் எது என்று சொல்பவை) தேடி ஐமேப் சர்வரையும் அனுப்பும் சர்வரையும் அறியும் முறையை வகுத்திருக்கிறது. ஒரு எச்சரிக்கை: டிஎன்எஸ் பதிலை நடுவில் இருப்பவர் மாற்ற முடியும். திரும்பி வரும் சர்வரின் பெயர் முகவரியின் டொமைனுக்குள் அடங்காவிட்டால், முதல் முறை பயனரிடம் காட்டி ஒப்புதல் வாங்குங்கள். ஒப்புதல் கிடைத்த பெயரைக் கோப்பில் எழுதிவைக்கச் சொல்லுங்கள். எஸ்ஆர்வி பதிவே இல்லாத டொமைன்களும் நிறைய உண்டு என்பதால், கையால் எழுதும் வழி இருந்தே தீரவேண்டும்.

கோப்புறைகளும் அப்படியே. அனுப்பியவை, வரைவுகள், குப்பை ஆகியவற்றுக்கு ஒவ்வொரு சேவையும் ஒவ்வொரு பெயர் வைத்திருக்கும். பயனரைத் தட்டச்சு செய்யச் சொன்னால் எழுத்து ஒன்று மாறி, 'அனுப்பியவை' இரண்டாகிவிடும். பாதிக் கடிதங்கள் ஒன்றிலும் மீதி இன்னொன்றிலும் கிடக்கும். ஆர்எஃப்சி 6154இன்படி எந்தக் கோப்புறை எதற்கானது என்று சர்வரே அடையாளம் சொல்லும். முதலில் அதைக் கேளுங்கள், பதில் வராதபோது மட்டும் அமைப்பைப் பாருங்கள்.

இதன் பக்கத்திலேயே, உண்மையில் அமைப்பாக இருக்கவேண்டிய ஒன்று ஒளிந்திருக்கிறது. ஜிமெயில் போன்ற சேவைகள் எஸ்எம்டிபி வழியே போகும் கடிதத்தின் நகலைத் தாங்களே அனுப்பியவையில் சேர்த்துவிடும். உங்கள் நிரலும் ஒரு நகலைப் போட்டால் எல்லாம் இரட்டையாகத் தெரியும். வேறு பல சர்வர்கள் அப்படிச் சேர்ப்பதில்லை. அங்கே நிரல் போடாவிட்டால் நகலே இருக்காது. எது எப்படி என்று நிரல் முன்கூட்டி அறிய நம்பகமான வழி இல்லை. ஆகவே கணக்குக்கு ஒரு அமைப்பு வையுங்கள்; இயல்பு மதிப்பு 'நகல் எடு' என்றே இருக்கட்டும். இரட்டை நகல் எரிச்சலோடு போய்விடும், இல்லாத நகலை மீட்க முடியாது.

மூன்றாவது குறிக்கு எடுத்துக்காட்டு, ஐமேப் ஐடில், அதாவது புதுக் கடிதம் வந்தால் சர்வர் உடனே சொல்லும்படி இணைப்பைத் திறந்தே வைத்துக் காத்திருப்பது. சர்வர் செயலற்ற இணைப்பைத் துண்டித்துவிடலாம் என்பதால், 29 நிமிடத்துக்குள் ஐடிலை முடித்து மறுபடி தொடங்கும்படி ஆர்எஃப்சி 2177 சொல்கிறது. வீட்டு ரவுட்டர்கள் இன்னும் சீக்கிரம் இணைப்பை மறந்துவிடுவது உண்டு. இதைப் பயனரின் தலையில் கட்டாமல், சில நிமிடங்களுக்கு ஒருமுறை புதுப்பிப்பது என்று நீங்களே முடிவு செய்துவிடலாம்.

எங்கிருந்து படிப்பது, எது எதை வெல்லும்

வழக்கமான அடுக்கு ஐந்து. கீழே நிரலுக்குள் இருக்கும் இயல்பு மதிப்பு. அதற்கு மேல் கணினி முழுமைக்குமான கோப்பு. அதற்கு மேல் பயனரின் கோப்பு. அதற்கு மேல் சூழல் மாறி. எல்லாவற்றுக்கும் மேலே கட்டளை வரியில் தட்டியது. மேலே இருப்பது கீழே இருப்பதை வெல்லும். பைன் என்ற பழைய மின்னஞ்சல் நிரலில் நிர்வாகி மாற்றவே முடியாதபடி பூட்டிவைக்கும் தனிக் கோப்பும் உண்டு. பலர் பகிரும் சர்வருக்கு எழுதினால் அதை யோசிக்கலாம், இல்லாவிட்டால் வேண்டாம்.

ஒன்றாக்குவது கோப்பு கோப்பாக அல்ல, அமைப்பு அமைப்பாக நடக்கவேண்டும். பயனரின் கோப்பு இருப்பதாலேயே கணினிக் கோப்பை முழுவதும் ஒதுக்கினால், ஒரே ஒரு நிறத்தை மாற்றியவருக்குச் சர்வர் விவரங்கள் காணாமல்போகும். பட்டியல் வகை அமைப்புகளில் (எந்தத் தலைப்புவரிகளைக் காட்டுவது போன்றவை) மேலடுக்கு கீழடுக்கோடு சேர்கிறதா, அதை மாற்றிவிடுகிறதா என்று முன்பே தீர்மானித்து எழுதிவையுங்கள். மாற்றிவிடுவதே நல்லது, சேர்ப்பதாக இருந்தால் ஒன்றை நீக்குவதற்குத் தனி வழி தேடவேண்டிவரும்.

பயனரின் கோப்புக்கு இடம், எக்ஸ்டிஜி முறைப்படி (லினக்ஸ் உலகில் கோப்புகளின் இடத்தை வகுக்கும் மரபு) ஹோமுக்குள் புள்ளியோடு தொடங்கும் கான்ஃபிக் கோப்புறை. அதற்கான சூழல் மாறி வேறு இடம் சொன்னால் அங்கே. கடிதத் தலைப்புகளின் தற்காலிகச் சேமிப்பு, டோக்கன்கள், கடைசியாகத் திறந்த கோப்புறை ஆகியவற்றை அமைப்புக் கோப்பின் பக்கத்தில் வைக்காதீர்கள். தங்கள் அமைப்புக் கோப்புறையை அப்படியே கிட் களஞ்சியத்தில் ஏற்றிப் பொதுவில் வைப்பவர்கள் ஏராளம். டோக்கன் அங்கே இருந்தால் அதுவும் கூடவே போய்விடும்.

சூழல் மாறிகளில் புதிதாகக் கண்டுபிடிக்காமல் ஏற்கெனவே இருப்பதை மதியுங்கள். எடிட்டருக்கு முதலில் 'விஷுவல்', அது இல்லாவிட்டால் 'எடிட்டர்'; பக்கம் பக்கமாகக் காட்ட 'பேஜர்'; 'நோ_கலர்' இருந்தால் நிறமே வேண்டாம். எடிட்டர் மாறியில் இருப்பது வெறும் நிரல் பெயர் அல்ல, கூடவே கொடிகளும் (கட்டளையின் நடத்தையை மாற்றும் கூடுதல் சொற்கள்) இருக்கலாம். முழுச் சரத்தையும் ஒரு கோப்பின் பெயராக எண்ணி ஓட்டினால் 'அப்படி ஒரு கோப்பு இல்லை' என்று நிற்கும். இன்னொன்று: விஎஸ் கோட் போன்ற வரைகலை எடிட்டர்கள் காத்திருக்கச் சொல்லும் கொடி இல்லாவிட்டால் உடனே திரும்பிவிடும்; உங்கள் நிரல் எழுதி முடிந்தது என்று நினைத்து வெற்றுக் கடிதத்தை எடுத்துக்கொள்ளும். எடிட்டர் திரும்பியபோது கோப்பு மாறவே இல்லை என்றால் அனுப்பாதீர்கள். வரைவாக வைத்துவிட்டுக் காரணத்தைச் சொல்லுங்கள்.

கட்டளை வரியில் கடவுச்சொல் வாங்கும் கொடி வைக்கவே வேண்டாம். ஓடும் நிரல்களின் பட்டியலில் அது மற்றப் பயனர்களின் கண்ணில் படும், ஷெல் வரலாற்றிலும் தங்கிவிடும்.

கோப்பின் வடிவம்

மெயில்எக்ஸ், மட் என்ற இரண்டு டெர்மினல் மின்னஞ்சல் நிரல்களின் அமைப்புக் கோப்புகளும் மேலிருந்து கீழாக ஓடும் கட்டளைகள். மட்டில் ஒரு கோப்புறைக்குள் நுழையும்போது மட்டும் ஓடும் கட்டளைகளைக்கூட எழுதலாம். ஆற்றல் பெரிது, விலையும் உண்டு: ஒரு கோப்புறைக்காக மாற்றிய மதிப்பு வெளியே வந்த பிறகும் அப்படியே நிற்கும். எல்லாக் கோப்புறைக்கும் பொதுவான கட்டளை ஒன்றை முதலில் எழுதி மதிப்பைப் பழைய நிலைக்குக் கொண்டுவரவேண்டும் என்பதைப் புதியவர்கள் தவறான கையொப்பத்தோடு கடிதம் போன பிறகே அறிகிறார்கள். முதல் நிரலுக்குக் கட்டளை மொழி வேண்டாம். பெயரும் மதிப்பும் கொண்ட கோப்பே போதும்.

அதிலும் தேர்வு உண்டு: ஜேசான், யாமல், ஐஎன்ஐ, டாமல் என்று பல கோப்பு வடிவங்கள். ஜேசானில் குறிப்புரை எழுத முடியாது. தன் கோப்பில் 'இது ஏன்' என்று எழுதிவைக்க விரும்புகிறவருக்கு அது உதவாது. யாமலின் 1.1 பதிப்பில் மேற்கோள் இல்லாத 'நோ' என்ற சொல் இல்லை என்ற தர்க்க மதிப்பாக மாறிவிடும். கடிதங்களைக் கணினியோடு ஒத்திசைக்கும் எம்பிசிங்க் நிரலின் கோப்பில் வெற்று வரி ஒரு பகுதியை முடித்துவைக்கும். அழகுக்காக நடுவில் ஒரு வரி இடம் விட்டவர், மீதி அமைப்பு ஏன் ஏற்கப்படவில்லை என்று தேடிக்கொண்டிருப்பார். ஐஎன்ஐ வகைக் கோப்புகளில் மதிப்பின் நடுவே வரும் # குறி சில நூலகங்களில் குறிப்புரையாகிவிடும், அத்தோடு கடவுச்சொல்லின் பின்பாதி வெட்டுப்படும். அப்போது வரும் பிழைச்செய்தி 'கடவுச்சொல் தவறு' என்பதுதான். கோப்பின் மேல் யாருக்கும் சந்தேகம் வராது. சரங்களை மேற்கோளுக்குள் எழுதக் கட்டாயப்படுத்தும் டாமல் இந்தத் தொல்லைகளில் பலவற்றைத் தவிர்க்கிறது. வேறு காரணம் இல்லாவிட்டால் அதையே எடுத்துக்கொள்ளலாம்.

இரண்டு கணக்குகள் உள்ள கோப்பு ஏறத்தாழ இப்படி இருக்கும். நிரலில் பெயர்கள் ஆங்கில எழுத்துகளில்தான் இருக்கும். இங்கே பொருள் விளங்கத் தமிழில்:

இயல்புக்_கணக்கு = "சொந்தம்"

[பொது]
பெயர் = "வாசுகி"
கையொப்பக்_கோப்பு = "கையொப்பம்"

[கணக்கு.சொந்தம்]
முகவரி = "…"
கடவுச்சொல்_கட்டளை = ["பாஸ்", "ஷோ", "அஞ்சல்/சொந்தம்"]

[கணக்கு.பணி]
முகவரி = "…"
மாற்று_முகவரிகள் = ["…", "…"]
ஐமேப்_பாதுகாப்பு = "உடனடி"
கையொப்பக்_கோப்பு = "கையொப்பம்-பணி"
கடவுச்சொல்_கட்டளை = ["பாஸ்", "ஷோ", "அஞ்சல்/பணி"]

கையொப்பத்துக்கு முன்னால் வரும் பிரிகோடு இரண்டு கோடும் ஓர் இடைவெளியும் கொண்டது. அந்தக் கடைசி இடைவெளி இல்லாவிட்டால் மற்ற நிரல்கள் அதைக் கையொப்பமாக அறியாது. ஆனால் வரி முனை இடைவெளிகளை எடிட்டர்கள் பலவும் தானாகவே துடைத்துவிடும். ஆகவே பிரிகோட்டைப் பயனரின் கோப்பில் எதிர்பார்க்காதீர்கள், நிரலே சேர்க்கட்டும். அதை ஓர் அமைப்பாக்கவும் வேண்டாம்.

ஒரே கணக்குதான் வைத்திருக்கப் போகிறார்கள் என்று நினைத்தாலும் கணக்குப் பகுதியை முதல் நாளே வையுங்கள். பின்னால் சேர்த்தால் எல்லா அமைப்பின் இடமும் மாறும். கணக்கு வேறு, அடையாளம் வேறு என்பதையும் அப்போதே பிரியுங்கள். ஒரே அஞ்சல்பெட்டிக்கு மூன்று முகவரிகளில் கடிதம் வரும். பதில் எழுதும்போது, கடிதம் எந்த முகவரிக்கு வந்ததோ அதிலிருந்தே பதில் போகவேண்டும். மாற்று முகவரிகளின் பட்டியல் இதற்காகத்தான். எல்லோருக்கும் பதில் அனுப்பும்போது உங்கள் முகவரிக்கே ஒரு பிரதி போகாமல் தடுப்பதும் அதே பட்டியல்தான்.

பெயரும் மதிப்பும்

பெயர்கள் நேர்மறையாக இருக்கட்டும். 'நிறத்தை_முடக்கு = இல்லை' என்பதைப் படிப்பவர் ஒரு கணம் நின்று யோசிக்கவேண்டியிருக்கிறது; 'நிறம் = ஆம்' என்றால் அந்தத் தடுமாற்றம் இல்லை. கட்டளை வரிக் கொடியும் கோப்பிலுள்ள பெயரும் ஒன்றாகவே இருக்கவேண்டும். எண்ணை அலகோடு வாங்குங்கள். 'காத்திருப்பு = 60' என்பது விநாடியா நிமிடமா என்று கோப்பைப் பார்த்துச் சொல்ல முடியாது. அலகில்லாத எண்ணைப் பிழையாக்கிவிடலாம்.

ஆம், இல்லை என்ற இரண்டே மதிப்புகள் நீண்ட நாள் தாங்காது. மட் நிரலில் நான்கு மதிப்புள்ள வகை ஒன்று உண்டு: ஆம், இல்லை, கேள் (எண்டர் தட்டினால் ஆம்), கேள் (எண்டர் தட்டினால் இல்லை). அனுப்பும் நேரத்தில் எழும் தயக்கங்களுக்கு இது நன்றாகப் பொருந்துகிறது. இரண்டு மதிப்போடு தொடங்கினாலும் அதை ஆம் இல்லை வகையாக வைக்காமல் சொல்லாக வைத்தால், மூன்றாவது மதிப்பைப் பின்னால் சேர்க்கும்போது யாருடைய கோப்பும் உடையாது.

இதில் மிகக் கவனம் வேண்டியது இணைப்பின் பாதுகாப்பு. இணைப்பை மறைகுறியாக்கும் டிஎல்எஸ் இரண்டு விதம். முதல் பைட்டிலிருந்தே மறைகுறியாக்குவது ஒன்று: ஐமேப்புக்குப் போர்ட் 993, அனுப்ப 465. மறைப்பில்லாமல் தொடங்கி ஸ்டார்ட்டிஎல்எஸ் கட்டளையால் மாறுவது மற்றொன்று: 143, 587. வெறும் 'டிஎல்எஸ் = ஆம்' என்றால் எது என்று தெரியாது. போர்ட் 465இல் ஸ்டார்ட்டிஎல்எஸ் முறையில் இணைத்தால், நிரல் சர்வரின் வரவேற்பு வரிக்காகக் காத்திருக்கும். சர்வர் நிரலின் டிஎல்எஸ் தொடக்கத்துக்காகக் காத்திருக்கும். காலாவதி ஆகும்வரை எதுவும் நடக்காது. மறுதலையாக 587இல் உடனடி டிஎல்எஸ் முயன்றால், சர்வர் அனுப்பிய சாதாரண எழுத்துகளை டிஎல்எஸ் நூலகம் படித்துவிட்டு 'பதிப்பு எண் தவறு' என்று, சம்பந்தமில்லாத ஒன்றைச் சொல்லும். இந்த இரண்டையும் நிரலே அடையாளம் கண்டு, போர்ட்டும் பாதுகாப்பு முறையும் பொருந்தவில்லை என்று நேரடியாகச் சொல்லவேண்டும்.

மதிப்புகள் மூன்று போதும்: உடனடி, ஸ்டார்ட்டிஎல்எஸ், இல்லை. இயல்பு மதிப்பு உடனடி. 2018இல் வந்த ஆர்எஃப்சி 8314இன் பரிந்துரையும் அதுவே. 'முடிந்தால் டிஎல்எஸ்' என்று நான்காவது ஒன்றைச் சேர்க்கத் தோன்றும், சேர்க்காதீர்கள். நடுவில் இருப்பவர் சர்வரின் பதிலிலிருந்து ஸ்டார்ட்டிஎல்எஸ் என்ற ஒரு சொல்லை எடுத்துவிட்டால் போதும், நிரல் 'முடியவில்லை' என்று எண்ணிக் கடவுச்சொல்லைத் திறந்தவெளியில் அனுப்பிவிடும். 'இல்லை' என்பதையும் இதே கணினிக்குப் போகும் இணைப்புக்கு மட்டும் கேள்வியில்லாமல் ஏற்கலாம்.

கடவுச்சொல்

கோப்பில் கடவுச்சொல்லை எழுதும் வழியைவிட, அதை எடுத்துத் தரும் ஒரு கட்டளையைக் குறிப்பிடும் வழியே நல்லது. கடிதம் அனுப்பும் எம்எஸ்எம்டிபி நிரல், எம்பிசிங்க் இரண்டிலும் இது இருக்கிறது. பாஸ் (கடவுச்சொல் சேமிப்பு நிரல்), ஜிபிஜி (மறைகுறியாக்க நிரல்), இயங்குதளத்தின் சாவிக்கொத்து என்று எதையும் இணைக்கலாம். செய்யும்போது நான்கு விஷயங்களைப் பாருங்கள்.

கட்டளையின் வெளியீட்டில் முதல் வரியை மட்டும் எடுத்து, முடிவிலுள்ள வரிமுறிவை நீக்குங்கள். அதை விட்டுவிட்டால் சரியான கடவுச்சொல்லும் தவறாகும். இடைவெளிகளை நீக்காதீர்கள், அவை கடவுச்சொல்லின் பகுதியாக இருக்கலாம். பிழை வெளியீட்டையும் டெர்மினலையும் அந்தக் கட்டளைக்கு விட்டுக்கொடுங்கள். ஜிபிஜி கடவுத்தொடரைக் கேட்க அது வேண்டும். மனிதர் தட்டச்சு செய்துகொண்டிருக்கலாம் என்பதால் ஐந்து விநாடியில் கட்டளையைக் கொன்றுவிடாதீர்கள். நான்காவது, ஓஆத் முறையில் கடவுச்சொல்லுக்குப் பதிலாகத் தரப்படும் டோக்கன்கள் சில சேவைகளில் ஒரு மணி நேரத்திலேயே காலாவதியாகும். நிரல் தொடங்கும்போது ஒருமுறை வாங்கி நினைவில் வைத்தால், மதியம்வரை திறந்திருக்கும் நிரல் மறுஇணைப்பில் தோற்றுப்போகும். ஒவ்வொரு புது இணைப்புக்கும் கட்டளையை மறுபடி ஓட்டுங்கள்.

கோப்பிலேயே எழுத அனுமதிப்பதானால், கோப்பின் உரிமை 600ஐவிட (உரிமையாளர் மட்டும் படிக்கவும் எழுதவும்) தளர்வாக இருக்கும்போது படிக்க மறுத்துவிடுங்கள். எம்எஸ்எம்டிபி அப்படித்தான் செய்கிறது. மறுக்கும் செய்தியில் கோப்பின் முழுப் பாதையும், சரிசெய்யும் கட்டளையும் இருக்கட்டும்.

இயல்பு மதிப்புகள்

பெரும்பாலோர் எதையும் மாற்றமாட்டார்கள். ஆகவே உங்கள் நிரல் எப்படிப்பட்டது என்பதை இயல்பு மதிப்புகளே தீர்மானிக்கின்றன. எந்தத் தவறு மீளாததோ அந்தப் பக்கம் எச்சரிக்கையாக இருங்கள். நீக்கினால் குப்பைக்குப் போகட்டும், நிரந்தரமாக அழிய வேண்டாம். எச்டிஎம்எல் கடிதத்திலுள்ள வெளிப் படங்களை இறக்கவே வேண்டாம்; இறக்கினால் கடிதத்தைத் திறந்த செய்தி அனுப்பியவருக்குப் போய்விடும். மறைபிரதி பெறுவோரின் பெயர்கள் அனுப்பும் கடிதத்தின் தலைப்பில் எழுதப்படக் கூடாது. அதை நீக்கும் பொறுப்பைச் சர்வரிடம் விட்டால், எல்லாச் சர்வரும் நீக்குவதில்லை; எக்ஸிம் போன்ற சர்வர் நிரல்கள் நீக்குவதில்லை, ஆகவே இதற்கான அமைப்பை அணைத்தே வைப்பது நல்லது என்று மட் கையேடு தனியாகவே சொல்கிறது. பாதுகாப்பான பக்கம்தான் இயல்பாக இருக்கவேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று தேவையில்லை.

கேட்கும் அமைப்புகளுக்கு ஒரு விதி. உள்ளீடு டெர்மினலிலிருந்து வராதபோது எதையும் கேட்காதீர்கள். குறித்த நேரத்தில் நிரல்களை ஓட்டும் க்ரானில் இரவு மூன்று மணிக்கு ஓடும் ஸ்கிரிப்ட், 'தலைப்பு காலியாக இருக்கிறது, அனுப்பவா?' என்ற கேள்வியில் விடியும்வரை நிற்கும். அங்கே முடிவு எடுத்துவிட்டு, அனுப்பாவிட்டால் பிழைக் குறியீட்டோடு வெளியேறுங்கள். யூனிக்ஸ் வழக்கப்படி தவறான கொடிக்கு 64, மறுபடி முயலக்கூடிய தற்காலிகத் தோல்விக்கு 75, அமைப்புக் கோப்புப் பிழைக்கு 78. ஸ்கிரிப்ட் எழுதுபவர் 75 வந்தால் மட்டும் பத்து நிமிடம் கழித்து மறுபடி ஓட்டலாம்.

பிழையைச் சொல்வது

அறியாத பெயர் கோப்பில் இருந்தால் கண்டும் காணாமல் விடாதீர்கள். 'கையோப்பக்_கோப்பு' என்று எழுதியவர், கையொப்பம் ஏன் வரவில்லை என்று ஒரு மாலை முழுவதும் தேடுவார். கோப்பின் பெயர், வரி எண், எழுதியிருப்பது, நெருங்கிய சரியான பெயர் ஆகியவற்றைச் சொல்லி நில்லுங்கள். முதல் பிழையோடு நிற்காமல் எல்லாப் பிழைகளையும் ஒரே தடவையில் காட்டினால் இன்னும் நல்லது.

மூன்று துணைக் கட்டளைகள் உழைப்புக்குப் பலன் தரும். கோப்பைச் சரிபார்த்துவிட்டு வெளியேறுவது ஒன்று. இப்போது நடப்பில் உள்ள எல்லா மதிப்புகளையும், எந்த அடுக்கிலிருந்து எந்த வரியிலிருந்து வந்தது என்பதோடு, கடவுச்சொல்லை மறைத்துக் காட்டுவது இரண்டாவது. கடிதத்தை முழுவதும் தயாரித்து, சர்வரோடு பேசாமல் திரையில் காட்டுவது மூன்றாவது. இரண்டாவதை முதலிலேயே எழுதிவிடுங்கள். 'நான் மாற்றினேன், மாறவில்லை' என்ற புகார்களில் பெரும்பாலானவை அதிலேயே தீர்ந்துவிடும்.

பெயரை மாற்ற நேரும்போது

பழைய பெயரும் வேலை செய்யட்டும், ஒரு வரி எச்சரிக்கையோடு. பழையதும் புதியதும் ஒரே கோப்பில் இருந்தால் எது வெல்லும் என்று ஊகிக்காமல் பிழையாக்குங்கள். பயனரின் கோப்பை நிரல் தானாகத் திருத்தி எழுதக் கூடாது: குறிப்புரைகள் அழியும்; அது வேறொரு கோப்புறையிலுள்ள கோப்புக்கான இணைப்பாக இருந்தால் இணைப்பே அறுந்து, தனிக் கோப்பு ஒன்று அந்த இடத்தில் உட்கார்ந்துவிடும். மாற்றவேண்டிய வரிகளைத் திரையில் காட்டினால் போதும்.

பெயர் மாற்றத்தைவிட இயல்பு மதிப்பை மாற்றுவதே கடினம், ஏனென்றால் கோப்பில் எதுவும் எழுதாதவரை எச்சரிக்க இடம் இல்லை. மட் தன் 2.0 பதிப்பில், 2020இல், டிஎல்எஸ்ஸைக் கட்டாயமாக்குவதை இயல்பாக்கியது. பாதுகாப்புக்கான அத்தகைய மாற்றங்களைப் பெரிய பதிப்பு எண்ணோடு சேர்த்துச் செய்யுங்கள். இணைப்பு மறுக்கப்படும் அந்தப் பிழைச்செய்தியிலேயே பழைய நிலைக்குத் திரும்பும் அமைப்பின் பெயரையும் குறிப்பிடுங்கள்.

வெளியிடுவதற்கு முன் கடைசியாக ஒன்று. கணினியில் புதிய பயனர் ஒருவரை உருவாக்கி, வெற்று ஹோம் கோப்புறையோடு, முகவரியும் பெயரும் கடவுச்சொல் கட்டளையும் உள்ள மூன்று வரிக் கோப்பை மட்டும் வைத்து நிரலை ஓட்டுங்கள். ஒரு கடிதம் வரவேண்டும், ஒரு கடிதம் போகவேண்டும், அனுப்பியவையில் ஒரே ஒரு நகல் இருக்கவேண்டும். நான்காவது வரி தேவைப்பட்டால் முதல் தாளை மறுபடி எடுத்து, அந்த வரிக்கு எந்தக் குறி போட்டீர்கள் என்று பாருங்கள்.